நாலு டிகிரி

குஞ்சப்பனையில் பஸ் நின்றதும்
ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டேன்.
பக்கத்து சீட்டுக்காரர் மப்ளரைக் காதுவரை இழுத்து
ஒரு பார்வை பார்த்தார்.
மன்னிக்கணும் ஐயா,
ரெண்டு வருஷமாக இந்தக் குளிரை
சம்பளத்துக்குத்தான் சுவாசித்தேன்.

ஷார்ஜாவில் எனக்குக் குளிரறையில் வேலை.
வெளியே நாற்பத்தாறு. உள்ளே நாலு.
ஆட்டுத்தொடை, வெண்ணெய்,
எங்கிருந்தோ வந்த கேரட்
(நம்ம கேரட்டுக்கு உறைபோடக் காணாது).
கதவைச் சாத்தினால் வாயிலிருந்து புகை வரும்.
முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
கூட வேலை செய்யும் நேபாளி தில் பகதூரும் சிரித்தான்.
ஆளுக்கொரு மலையை ஊதிக்கொண்டே
பெட்டி எண்ணினோம்.

அப்பா லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார்.
எப்ப வந்த என்று கேட்கவில்லை.
"எப்ப போற?"
இருபத்தெட்டு நாள் லீவு என்றேன்.
"அப்ப இன்னிக்கே முள்ளங்கி வெதச்சா
தின்னுட்டுப் போலாம்."

அப்பாவும் ஊர் திரும்பியவர்தான்.
ஒன்பது வயதில், தலைமன்னாரில் கப்பலேறி,
அதற்குமுன் பார்த்தேயிராத ஊருக்குத்
திரும்பினார்.
அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது:
தாயகம் திரும்பியவர். பெயர் சன்னாசி.
அங்கே இருந்தவரை இந்தியாக்காரன்.
மண்டபத்தில் இறங்கியதும் சிலோன்காரன்.
நடுவில் கடலில் இருந்த நேரம் யாராக இருந்தீர்கள்
என்று ஒருமுறை கேட்டேன்.
"யாராவும் இல்ல. வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் கேட்ட ஒரே சாமான்
இருநூறு கிராம் சிலோன் தேயிலை.
எங்கள் கடையில் மூன்றாவது ரேக்கில் இருக்கும்,
சிங்கம் போட்ட டப்பா.
சுற்றிலும் தேயிலை நிற்கிற மலையில்
தேயிலையைச் சுமந்து இறங்க வெட்கமாக இருந்தது.
ஜட்டி பனியனுக்கு அடியில் அமுக்கியிருந்தேன்.

மோந்தார். மூடினார். மறுபடி மோந்தார்.
சந்திரமதி பால் ஊற்றாமல் போட்டுக் கொடுத்தாள்.
நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்தோம்.
"இங்க மாதிரியேதான் இருக்கு"
என்றார்,
ஏமாந்துபோன குரலில்.

காலண்டருக்குப் பின்னால் ஒரு காகிதம் இருந்தது.
ஓய்வு பெற்றோர் குடியிருப்பை ஒப்படைக்க வேண்டும்,
மார்ச் கடைசிக்குள்.
தங்கச்சி சொல்லியிருக்கலாம்.
அப்பா சொல்லாதே என்றிருப்பார்.
நானும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன்:
இனிப் போவதில்லை என்ற முடிவோடு வந்திருந்தேன்.

அரவேணுப் பக்கம் ரெண்டு சென்ட் பார்க்கப் போனோம்.
சரிவு. ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் வழக்கு.
புரோக்கர் விலையைச் சொல்லிவிட்டு
அப்பாவை விட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்:
"வெளிநாட்டுக்காரர், உங்களுக்கென்ன."
அப்பா சட்டென்று திரும்பினார்.
தனக்கு வைத்திருந்த பெயரை
எனக்கும் வைத்துவிட்டார்கள் என்பதுபோல.
வரும் வழியில் இருவரும் பேசவில்லை.
பன் வாங்கித் தின்றோம்.

இருபதாம் நாள் ராத்திரி காட்டெருமை வந்தது.
டார்ச் வெளிச்சத்தில் மூக்கிலிருந்து புகை.
ஒரு வரிசை விடாமல் முள்ளங்கியை
மண்ணோடு பிடுங்கித் தின்றது.
கல்லெடுத்தேன். அப்பா கையைப் பிடித்தார்.
"விடு. அதுக்கு லீவு கிடையாது."

கம்பெனிக்குப் போன் செய்தேன்.
இன்னும் ரெண்டு வருஷம் என்று கையெழுத்துப் போட்டது
மேட்டுப்பாளையத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையில்.
கீழே இறங்க இறங்கக் காது அடைத்தது.
ஸ்வெட்டரைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்,
ஷார்ஜா வெயிலுக்குள் வேலைக்கு வேண்டும் என்று.

ஜனவரியில் ஒரு காலை அப்பா பேசினார்.
ரெண்டாவது விதைத்த முள்ளங்கி பிடித்துவிட்டது.
லயத்தைப் பற்றி அவர் பேசவில்லை,
நான் கேட்கவில்லை.
"அங்க உள்ள இப்ப எத்தன டிகிரி?"
நாலு என்றேன்.
"இங்க ரெண்டு" என்றார்,
ஜெயித்தவர் மாதிரி.